பழைய கேரவன் (எரிபொருள் தேர்வு)

கேரவன் என்பது படுக்கை, சமையல் வசதி முதலியன பொருத்தப்பட்ட பயண ஊர்தி ஆகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் வேன்களை மாற்றியமைத்து உருவாக்கப்படுகிறது. பழைய கேரவன் வாங்குவோர் டீசல், பெட்ரோல் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியுள்ளது.

எந்திரம்

டீசல் எந்திரத்தில் காற்று மிகுதியாக அழுத்தப்படுவதால் உண்டாகும் வெப்பத்தில் எரிபொருள் தீப்பற்றுகிறது. பெட்ரோல் எந்திரத்தில் தீப்பொறி பற்றவைக்கிறது. குறைந்த சுழற்சி வேகத்திலேயே மிகுந்த முறுக்குவிசை தருவதால் டீசல் எந்திரம் பாரமான வண்டிகளுக்கு ஏற்றது. டெம்போ டிராவலர் போன்ற பெரிய வேன்கள் டீசலிலும், மாருதி ஆம்னி (1984–2019) போன்ற சிறியவை பெட்ரோலிலும் பெரும்பாலும் ஓடுகின்றன. பிஎஸ்-6 டீசல் வண்டிகளின் புகைக்கரி வடிகட்டி, குறுந்தொலைவுக்கு மட்டுமே ஓட்டினால் அடைபடக்கூடும்.

செலவுக் கணக்கு

எடுத்துக்காட்டாக, டீசல் வண்டியின் விலை 1,00,000 ரூபாய் கூடுதல் என்றும், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சமாகும் என்றும் கொண்டால், 50,000 கிமீ ஓடிய பின்னரே அக்கூடுதல் விலை ஈடாகும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்கு (ஏறத்தாழ 160 கிமீ) மாதம் ஒருமுறை சென்று திரும்புபவருக்கு இதற்கு 13 ஆண்டுகள் ஆகும். பழைய வண்டி அதுவரை உழைக்குமா என்பதே முதன்மையான கேள்வி. எனவே குறைவாகப் பயணிப்போருக்குப் பெட்ரோலும், நெடுந்தொலைவு அடிக்கடி செல்வோருக்கு டீசலும் பொருந்தும்.

பதிவு

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன்படி சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும். பிரிவு 52, பதிவு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே கேரவனாக மாற்றியது பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். உரிமை மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30 தேவை. திண்டிவனம் வண்டிகள் டிஎன் 16 எனவும், விழுப்புரம் வண்டிகள் டிஎன் 32 எனவும் பதிவெண் பெறுகின்றன.

பகுப்பு: ஊர்திகள்