ஊவாத் தோட்டங்களில் கல்யாணமும் குடும்பக் கட்டும்

பதுளை, பசறை, அப்புத்தளை, மடுல்சீமை மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அங்கு வேலைக்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் ஆண்கள். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து பழம் பறிக்கும் பருவத்துக்கு நடந்து வந்து, பருவம் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். மனைவி மக்கள் ஊரில் இருந்தார்கள். கல்யாணமும் ஊரிலேயே நடந்தது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்து, 1880களில் தேயிலை அந்த நிலத்தைப் பிடித்ததும் இந்த நிலை மாறியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கக் கை வேண்டும். அந்தக் கை பெண்களுடையதும் சிறுபிள்ளைகளுடையதும் என்று தோட்டத்துரைமார் முடிவு செய்தார்கள். குடும்பம் குடும்பமாக ஆள் வந்து இறங்கியது அதன் பிறகுதான்.

ஆள் கட்டிய கங்காணி தன் சொந்தபந்தத்தையும் சாதிசனத்தையும் திரட்டியே கூட்டம் சேர்த்தார். அதனால் ஊரில் இருந்த கொள்வினை கொடுப்பினை அப்படியே மலைக்கு ஏறியது. அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகள் என்ற முறைப்பெண் உரிமை குலையவில்லை. பரிசம் போட்டுப் பெண் எடுத்தார்கள். தாய்மாமன் சீர் இல்லாமல் எந்தச் சடங்கும் நிறைவேறவில்லை. கொழுந்து மலையில் ஒரே நிரையில் நின்று வேலை செய்த சாதிகள் கல்யாணத்தில் பிரிந்தே நின்றன. பல தோட்டங்களில் லயங்கள் என்ற வரிசை வீடுகளும் சாதிவாரியாகவே ஒதுக்கப்பட்டன. கூலியும் குடியிருப்பும் ஒன்றுபோல் இருந்த இடத்தில் சாதி உயிர்பிழைத்திருக்கக் கல்யாணமே முதற்காரணம் என்று சொல்லலாம்.

ஆனால் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது வீட்டுக்காரர் காரியமாக மட்டும் இருக்கவில்லை. தன் கூட்டத்தில் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு பேருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஒரு பெண் வாழ்க்கைப்பட்டு வேறு தோட்டம் போனால் அவருக்கு ஒரு பேர் குறையும்; அவள் வீட்டார் பட்ட கடனும் கேள்விக்கு வரும். கடனை எழுதி ஆளை மாற்றிக்கொடுத்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை, பெண் கேட்டு வந்தவர்கள் தகப்பனிடம் பேசி முடித்தால் போதாது, கங்காணியின் சம்மதமும் வேண்டும். இரயில்பாதை 1924இல்தான் பதுளைக்கு வந்தது. அதற்கு முன் சம்பந்தம் பெரும்பாலும் நடந்துபோய் வரக்கூடிய தூரத்துத் தோட்டங்களுக்குள் அமைந்தது. வசதியுள்ள கங்காணி வீடுகள் மட்டும் தலைமன்னார் வழியாகக் கடல் தாண்டி ஊரில் பெண் எடுத்தன.

குடும்பத்தின் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு லயக் காம்பராவே விடை. சுமார் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பரா. முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. இடையில் பக்கத்து வீட்டாரின் இருமல்கூடக் கேட்கும் சுவர். அந்த ஒரே அறையில் தாய் தகப்பன், கல்யாணமான மகன், மருமகள், வயதுக்கு வந்த மகள் எல்லோரும் படுக்க வேண்டும். புதுச்சோடிக்கு ஒரு சேலையைக் குறுக்கே கட்டி மறைப்பு விடுவார்கள். மற்றவர்கள் இஸ்தோப்பில் சாக்கை விரித்துக்கொள்வார்கள். பூப்பெய்திய பெண்ணை ஒதுக்கி வைக்கவும் அதே இஸ்தோப்பின் மூலைதான். தனிமை இல்லாத இடத்தில் மானம் முழுவதும் பெண்ணின் நடத்தைமேல் ஏற்றப்பட்டது. அவள் யாரோடு பேசினாள் என்பது மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்துக்கு எட்டிவிடும். மகளைச் சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்ற பதற்றத்தைப் பழமைப்பிடிப்பு என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது அநியாயம். கொழுந்து மலையில் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும், பங்களாவில் துரைக்கும் தோட்டப் பெண்கள்மேல் இருந்த அதிகாரத்தைப் பெற்றோர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரைமாருக்குப் பிறந்து பேரில்லாமல் விடப்பட்ட பிள்ளைகள் அதற்குச் சாட்சி.

ஆசையைப் பற்றி எல்லோர் முன்னும் வாய்திறந்த ஒரே சந்தர்ப்பம் காமன் கூத்து. மாசி அமாவாசைக்குப் பின் கம்பம் நட்டு, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பதுவரை அது நடக்கும். ரதிக்கும் மன்மதனுக்கும் தோட்டத்தாரே பெண்வீட்டார், மாப்பிள்ளைவீட்டார் என்று பிரிந்து சீர் சுமந்து கல்யாணம் செய்துவைப்பார்கள். ரதியாக வேடம் கட்டுபவரும் ஆணே. மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும்போது பெண்கள் தங்கள் சொந்தத் துக்கத்தையும் சேர்த்து அழுவார்கள்.

சட்டம் கல்யாணத்துக்குள் நுழைந்தது தாமதமாகத்தான். நுழைந்தபோது கொடுமையாகவே நுழைந்தது. தோட்டத் தமிழருக்கு 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுச் சட்டம் பொருந்தியது. என்றாலும் வழக்கப்படி கோயிலில் தாலி கட்டினால் அதுவே செல்லுபடியானதால், பலர் பதியவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இன் இந்திய, பாகிஸ்தானியர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்களில் மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டுத் தொடர் வதிவு கேட்கப்பட்டது. மனைவி மக்களும் தொடர்ந்து இலங்கையில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். பதிவில்லாத கல்யாணம், பிறப்புச் சான்று இல்லாத பிள்ளை, ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கப் போய்வந்த மனைவி, எல்லாம் விண்ணப்பத்தைக் கவிழ்க்கும் காரணங்களாயின. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பித்ததில் சுமார் 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது.

1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. அன்றிலிருந்து சம்பந்தம் பேசும்போது சாதி, முறை, நடத்தையோடு புதிதாக ஒரு கேள்வியும் சேர்ந்தது: மாப்பிள்ளைக்கு எந்த நாட்டுக் கடதாசி? இந்தியப் பாஸ்போட்டுக்காரனுக்குக் கட்டிக்கொடுத்த மகள் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனால் திரும்பி வருவாள் என்ற நிச்சயமில்லை. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்குப் பெற்றவர்கள் இந்தப் பக்கமும் பிள்ளைகள் அந்தப் பக்கமுமாய் ஆனது இப்படித்தான். இன்னாருக்கு இன்னார் என்று பிறந்ததுமே பேசிவைத்த முறைச்சம்பந்தங்கள் இதில் முறிந்தன.

பெண்ணின் உடல்மேல் அரசும் தோட்ட நிர்வாகமும் கைவைத்தது அதற்கடுத்த கட்டம். 1970களுக்குப் பின் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குப் பணம் கொடுத்து ஊக்குவித்தபோது, நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டப் பெண்களிடையே அது மிக அதிகமாக நடந்தது. பிள்ளை எத்தனை என்று தீர்மானிக்கும் உரிமை அவளுக்கு வீட்டிலும் இருக்கவில்லை. 1984வரை அவள் நாட்சம்பளம் ஆணுடையதைவிடக் குறைவு. அந்தச் சம்பளத்தையும் பெரும்பாலும் கணவனோ தகப்பனோதான் வாங்கினார்.

1995இல் இரண்டு திருத்தங்கள் வந்தன. 1907 சட்டப்படி பெண்ணுக்கு 12 ஆக இருந்த மணவயது 18 ஆனது. அதே ஆண்டில், அதுவரை ஆண்களுக்கிடையிலான உறவை மட்டும் குற்றமாக்கியிருந்த தண்டனைச் சட்டக் கோவையின் 365ஏ பிரிவு பெண்களையும் உள்ளடக்கும்படி விரிக்கப்பட்டது. சிறுமிக் கல்யாணத்தைத் தடுத்த ஆண்டே, கல்யாணத்துக்கு ஒவ்வாத மனதுள்ளவர்களின் வாழ்வை இன்னும் இறுக்கியது. 1988, 2003 சட்டங்கள் நாடற்ற நிலையை முடித்துவைத்தபின் கடதாசிக் கேள்வி சம்பந்தப் பேச்சிலிருந்து விலகியது. கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா நாட்டு வீட்டுவேலைக்கும் போன பிள்ளைகள் தாங்களே துணை தேடுவதும் பெருகியது. பரிசத்தின் இடத்தைச் சீதனம் பிடித்தது. முறைப்பெண் உரிமை தளர்ந்தது. சாதி பார்ப்பது அவ்வளவாகத் தளரவில்லை.