உயரத்தை அளப்பதன் விலை

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய விக்ரம் லேண்டருக்கு உயரம் காட்டிய கருவிகளுள் ஒன்று, அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய ரேடார் உயரமானி. சுமார் 1,750 கிலோ எடைகொண்ட கலம் சில நிமிடங்களுக்கு அம்மின்செலவைத் தாங்கியது.

2021 ஏப்ரலில் செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டியின் எடையோ 1.8 கிலோ. அது ரேடாருக்குப் பதிலாகச் சிறு லேசர் உயரமானியைச் சுமந்தது. பரந்த தரைக்கு மேல் உயரம் இருமடங்கானால் மீளும் அலையின் திறன் ஏறத்தாழ நான்கிலொன்றாகும். ஆகவே சில மீட்டர் உயரத்தில் பறக்க ஒலிபரப்புத் திறன் சிறிதே போதும். அலைவாங்கியும் கணிப்புச்சுற்றும் இடைவிடாது உண்ணும் மின்சாரமே சுமை.

சிக்கனத்திற்கும் விலையுண்டு. கிடைவேகத்தைக் கேமராவைக் கொண்டே கணித்த அக்கலம், 2024 ஜனவரியில் அடையாளமற்ற மணற்பரப்பின்மேல் தடுமாறி, 72ஆவது பறத்தலோடு ஓய்ந்தது. டாப்ளர் ரேடாருக்குத் தரைக்குறிகள் வேண்டா. ஆனால் அதற்குரிய வாட்டுகள் வேண்டும்.