வேலியும் மதிலும் ஓவியமும்

யாழ்ப்பாணத்தவரின் வாழ்வை அறிய விரும்புவோர் முதலில் அவர்தம் வேலியை நோக்குதல் வேண்டும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டுப் பனையோலையாலோ தென்னங் கிடுகாலோ அடைக்கப்பட்ட வேலி, காணியின் எல்லையையும் குடும்பத்தின் மறைவையும் ஒருங்கே காத்தது. அவ்வேலியின் பொருட்டு எழுந்த வழக்குகளும் பலவே. ஆயினும் அயலவர் இருவர் ஒத்து வாழ்ந்த இடத்தில், அதே வேலியில் ஒரு பொட்டு இருந்தது. அதன் வழியே மோரும் கறியும் சென்றன. நல்லது கெட்டதுகளின் செய்தியும் சென்றது. தெருப் பக்கத்தில் சிலர் சங்கடப்படலை அமைத்தனர். கூரையும் திண்ணையும் உடைய அப்படலையில் வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கினர். தன் எல்லையை அடைத்துக்கொண்டவன், தெருவுக்குத் தான் செய்யவேண்டிய கடனை மறந்துவிடவில்லை. அத்திண்ணையில் எல்லாச் சாதியாரும் ஒப்ப அமர இடம் பெற்றனர் என்று சொல்வதற்கில்லை. அக்குறையையும் வரலாறு மறைத்தல் ஆகாது.

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியிற் செல்வோர் நல்லூரையும் இருபாலையையும் கடந்து கோப்பாயை அடைவர். செம்மண் தோட்டங்களும் கிணறுகளும் பனைகளும் சூழ்ந்த இவ்வூரிலும் கிடுகு வேலி குறைந்து, சீமெந்து மதில் பெருகிவிட்டது. ஓலை வெட்டவும் கிடுகு பின்னவும் ஆள் அருகிவிட்டமை ஒரு காரணம். கடல் கடந்து வாழும் உறவினர் அனுப்பும் பணம் மற்றொரு காரணம். மதில் உறுதியானது, கறையான் அதனை அரிப்பதில்லை. ஆனால் மதிலிற் பொட்டு இல்லை. அது தெருவை நோக்கிக் காட்டுவது ஒரு வெறுமுகமே. அவ்வெறுமுகத்தில் விளம்பரமும் தேர்தல் சுவரொட்டியும் இடம்பிடித்துக்கொண்டன.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நடந்த ஜனாதிபதித் தேர்தலின் பின்னர், இலங்கையின் பல நகரங்களில் இளைஞர் தூரிகையுடன் தெருவுக்கு வந்தனர். சுவரொட்டிகளைச் சுரண்டியெடுத்து, அவ்விடங்களில் ஓவியம் தீட்டினர். யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே மதில்கள் நிறம் பெற்றன. பலர் அதனைப் பாராட்டினர். எனினும் சில இடங்களிற் போர் வெற்றியைப் போற்றும் படங்கள் தோன்றியபோது, ஒரு சாராரின் பெருமை மற்றொரு சாராரின் துயரத்தை மூடிவிடலாமா என்னும் வினாவும் எழுந்தது. பொதுச் சுவரில் எது வரையப்பட வேண்டும்? அதனைத் தீர்மானிப்பவர் யாவர்? ஓவியத்தின் அழகினும் இவ்வினாவே பெரிது.

இவ்வினாவைப் பிற நாட்டினரும் எதிர்கொண்டுள்ளனர். அமெரிக்காவின் சிக்காகோ நகரில், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏழ்மையான பகுதியொன்றில், 1967ஆம் ஆண்டில் ஓவியர் சிலர் ஒரு கட்டடத்தின் பக்கச் சுவரில் தம் இனத்துச் சான்றோரின் உருவங்களைத் தீட்டினர். ‘மதிப்பின் சுவர்’ என்பது அதன் பெயர். சில ஆண்டுகளில் அக்கட்டடம் இடிக்கப்பட்டது. ஆயினும் அவ்வழக்கம் மறையவில்லை. வேறு பல நகரங்களின் குடியிருப்புகளிலும் அதனைப் பின்பற்றிச் சுவரோவியங்கள் எழுந்தன. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் யூடித் பாக்கா என்னும் ஓவியர், வெள்ள வாய்க்கால் ஒன்றின் சுவரில் 1976ஆம் ஆண்டு முதல் அந்நிலத்தின் வரலாற்றை வரைவித்தார். ஏறத்தாழ அரை மைல் நீளமான அவ்வோவியத்தில், பாடநூல்கள் விட்டுவிட்ட குடியேறிகளும் தொழிலாளரும் ஆதிக்குடிகளும் இடம்பெற்றனர். அவ்வயலின் இளைஞர் நூற்றுக்கணக்கானோர் அதில் உழைத்தனர். தீட்டிய கைகளே ஊரின் வரலாற்றையும் கற்றுக்கொண்டன.

தமிழர்க்குச் சுவரோவியம் புதியதன்று. தஞ்சைப் பெருங்கோயிலில், நாயக்கர் காலத்து ஓவியங்களின் கீழே சோழர் காலத்து ஓவியங்கள் மறைந்துகிடந்தன. 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். ஒரு தலைமுறை தீட்டியதை மற்றொரு தலைமுறை மூடிற்று. அழிக்கும் எண்ணம் எவர்க்கும் இருந்திருக்க வேண்டியதில்லை. புதிய கை தன் காலத்தை எழுதும்போது பழையது மறைகின்றது. ஆதலால் மதிலுக்கு வெண்பூச்சுப் பூசுமுன், அங்கு மறைந்துபோக இருப்பது யாது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

அவ்வாறு எண்ணிப் பார்ப்பதற்குக் கோப்பாயில் விடயங்கள் மிகுதி. 1560ஆம் ஆண்டிற் கோவாவிலிருந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா படையுடன் வந்து நல்லூரைத் தாக்கியபோது, சங்கிலி மன்னன் பின்வாங்கிச் சென்றது கோப்பாய்க் கோட்டைக்கே. ‘திராவிடப் பிரகாசிகை’ என்னும் நூலை இயற்றிய சபாபதி நாவலர் பிறந்தது இவ்வூரில். ஆறுமுக நாவலருக்கு ஆசிரியராய் விளங்கிய சேனாதிராச முதலியார் அயலூராகிய இருபாலையைச் சேர்ந்தவர். ஆசிரிய கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் இங்கு அமைந்திருப்பதனால், குடாநாட்டுப் பாடசாலைகள் பலவற்றிற் கரும்பலகையின்முன் நின்றோர் கோப்பாயிற் பயின்றவராய் இருப்பர்.

மன்னனும் புலவரும் மாத்திரம் ஊர் ஆகார். துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்தவர், பனையேறியவர், கிடுகு பின்னிய பெண்கள், மண்வெட்டி அடித்துக் கொடுத்த கொல்லர், துணி வெளுத்தவர், மேளம் முழக்கியவர் ஆகியோரின் உழைப்பிலேயே ஊர் நின்றது. அவர்களுட் சிலருக்குச் சங்கடப்படலையின் திண்ணை மறுக்கப்பட்டது. மதிலிலும் இடம் மறுக்கப்படுமாயின், பழைய குற்றம் புதிய நிறத்திற் செய்யப்பட்டதாகும்.

துயரத்திற்கும் இடம் வேண்டும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் தொடங்கி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சிப் பக்கமாக நடந்தனர். மழையில், இருளில், முதியோரையும் குழந்தைகளையும் சுமந்து சென்ற அந்நடையைக் கண்ட கண்கள் இன்றும் ஊரில் உள்ளன. அக்கண்கள் மூடுமுன் அவர்களைக் கேட்டறிதல் இளையோரின் கடமை. எந்தக் காட்சியை மதிலில் வைப்பது, எதனை நெஞ்சோடு நிறுத்திக்கொள்வது என்பதை இழந்தவர்களே சொல்லல் வேண்டும்.

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. பாடசாலை மாணவரும் சனசமூக நிலையத்து இளைஞரும் ஊரின் முதியோரை நாடிச் சென்று கேட்டெழுதலாம். எழுதியதை வாசிகசாலையிற் கூடி வாசித்து, ஊரவர் முன்னிலையில் தெரிவு செய்யலாம். மதிலின் உரிமையாளரின் இசைவைப் பெற்று, மாரி மழை ஓய்ந்து சுவர் நன்கு உலர்ந்த பின்னர் தீட்டத் தொடங்கலாம். ஈரம் காயாத சீமெந்தில் உப்புப் பூத்து, நிறம் உரிந்துவிடும் என்பதை அனுபவமுள்ள வர்ணக்காரர் அறிவர்.

எவ்வளவு கவனமாகத் தீட்டினும், வெயிலும் வாடைக்காற்றும் சில ஆண்டுகளில் அதனை மங்கச் செய்யும். அதனால் இழப்பில்லை. பழைய வேலியும் ஆண்டுதோறும் அடைக்கப்பட்டதே. அடைப்பு நாளில் அயலவர் கூடியது போல, நிறம் மங்கும்போது ஊரவர் மீண்டும் கூடி, எதனை வைத்திருப்பது, எவரை முன்னர் மறந்துவிட்டோம் என்று பேசுவராயின், மதிலிலும் ஒரு பொட்டு உண்டாகிவிடும்.