கடன் டிக்ரியும் நம் குடும்பங்களும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்கள் இரண்டு தலைமுறைகளுக்கு முன் ஏரிப் பாசனத்தையும் நெற்பயிரையும் நம்பி ஜீவனம் செய்தன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் வருஷம் மோட்டார் வண்டித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது முதல், மாதச் சம்பளமே பலருக்கு ஆதாரமாயிற்று. தொழில் மாறிற்று, கடன் மாறவில்லை. அன்று புரோநோட்டின்பேரில் வாங்கினர். இன்று சம்பளச் சீட்டைக் காட்டி வாங்குகின்றனர். தவணை தவறினால் இரண்டும் சென்று சேருமிடம் சிவில் கோர்ட்டே. ஆதலின் கடன் டிக்ரியின் சரித்திரத்தை நம்மவர் சிறிதேனும் அறிதல் நலம்.

1855-ஆம் வருஷத்துச் சட்டமொன்று வட்டிக்கு இருந்த வரம்பை நீக்கிற்று. 1859-ல் முதல் சிவில் நடைமுறைச் சட்டம் வந்தது. டிக்ரி பெற்றவர் கடனாளியின் சொத்தை ஜப்தி செய்து ஏலம் விடலாம். கடனாளியைச் சிறையிலும் வைக்கலாம் என்பதே அக்கால நிலை.

சென்னை மாகாணத்துக் கிராமக் கடன் 45 கோடி ரூபாய் என்று 1895-ஐ ஒட்டி நிக்கல்ஸன் துரை மதிப்பிட்டார். அவருடைய யோசனையின் பயனாகக் கூட்டுறவு இயக்கம் தோன்றிற்று. 1904-ல் திரூரிலும் காஞ்சீபுரத்திலும் சங்கங்கள் ஏற்பட்டன. இவ்விரண்டும் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை என்பது நமக்குப் பெருமையே. ஆயினும் 1930-ல் வங்கி விசாரணைக் கமிட்டியார் கணக்கிட்டபொழுது கடன் 150 கோடியாக வளர்ந்திருந்தது. அப்பால் நெல்லின் விலை வீழ்ந்தது; வட்டியோ வீழவில்லை.

இந்நிலையில் ராஜாஜி அவர்கள் மாகாணப் பிரதம மந்திரியாயிருந்த காலத்தில், 1938-ஆம் வருஷத்து விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறிற்று. 1932 அக்டோபருக்கு முன் விவசாயி பட்ட கடனில், 1937 அக்டோபர் 1-ந் தேதி வரை நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. அசலுக்கு இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியவனுக்குக் கடனே தீர்ந்தது. டிக்ரி ஆகிவிட்ட கடனையும் இவ்வாறு குறைக்கலாம் என்பது அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு. ஆனால் அதற்குக் கடனாளி கோர்ட்டில் மனுச் செய்தல் வேண்டும். மனுச் செய்யாதவனுடைய பழைய டிக்ரி பழையபடியே நின்றது.

சிறையின் கதையும் இத்தகையதே. செலுத்தச் சக்தியிருந்தும் மறுப்பவனையே சிறையிடலாம், சக்தியற்றவனை அன்று என்று 1936-ல் திருத்தம் வந்தது. ஏழைமைக்காக ஒருவனைச் சிறையிடுதல் அரசியலமைப்பின் 21-ஆம் விதிக்கு முரணாகும் என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்தல் கூடாது என்பதும் சட்டமே.

இன்றும் நடைபெறும் 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம், கடனாளியின் உடை, படுக்கை, சமையற் பாத்திரம், கைத்தொழிலாளியின் கருவி, உழவனுடைய மாடு, விதைநெல் ஆகியவற்றை ஜப்தியினின்றும் விலக்கியுள்ளது. கூலியாளின் கூலிக்கும் விலக்குண்டு. சம்பளக்காரனுக்கு முதல் 1,000 ரூபாயும், எஞ்சியதில் மூன்றில் இரு பங்கும் காப்பாகும். மாதம் 25,000 ரூபாய் பெறுவோனிடம் 8,000 ரூபாய்க்கு மேல் பிடித்தல் இயலாது. ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்தபின், அந்த டிக்ரிக்குச் சம்பளத்தில் மறுபடி கைவைக்க முடியாது. அடமானம் வைத்த சொத்தின் கதி வேறு.

இச்சரித்திரம் கற்பிக்கும் பாடம் யாது? சட்டம் காலந்தோறும் இரக்கம் பெற்றே வந்திருக்கிறது. அவ்விரக்கம் கேட்டவனுக்கே கிடைத்திருக்கிறது. அமீனாவைக் கண்டு புழைக்கடை வழியே மறைந்தவனுக்கு எக்காலத்திலும் எக்ஸ்பார்ட்டி டிக்ரியே பரிசு. அந்த டிக்ரி 12 வருஷம் உயிரோடிருக்கும். சம்மன் சேரவில்லை என்றோ, வாய்தாவுக்கு வாராமைக்குத் தக்க காரணம் உண்டு என்றோ காட்டினால் அதை ரத்துச் செய்யலாம். ஆனால் 30 நாளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். சம்மன் சேராதவனுக்கு, டிக்ரியை அறிந்த நாளிலிருந்து இக்கெடு எண்ணப்படும். தீர்ப்புக்கு முன்னரே வந்து நிலைமையைச் சொல்லித் தவணை கேட்பது இன்னும் நன்று.

மற்றொன்றும் நினைவிருக்கட்டும். டிக்ரிக்குப் பின் கையிற் கொடுத்த பணம் கோர்ட்டில் பதிவாதல் வேண்டும். கடன் கொடுத்தவர் பதிவு செய்யாவிடில், கடனாளி 30 நாளுக்குள் மனுச் செய்து பதிவு செய்விக்கலாம். பதிவாகாத பணத்தை டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டு கணக்கிற் கொள்ளாது. நல்லவர்தானே என்று நம்பிக் கொடுத்தவன் அதே தொகையை இருமுறை செலுத்த நேரிடும்.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திற்று. மழையைப்போலவே சம்பளமும் ஒரு வருஷம் பொய்க்கக்கூடும். அப்பொழுது கடனாளியைக் குடும்பத்தார் பழித்து ஒதுக்குதல் தகாது. அவமானத்துக்கு அஞ்சுபவனே சம்மனை ஒளித்து வைக்கிறான். சகோதரரே, வீட்டிற்கு வரும் கோர்ட்டுக் காகிதத்தை அன்றே பிரித்துப் படியுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையெனில் தாலூகா இலவசச் சட்ட உதவிக் குழுவை நாடுங்கள். குறித்த நாளில் கோர்ட்டுப் படியேறுங்கள்.