சுண்ணாம்பு இல்லாத சோளம்

பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. சென்ற ஆண்டு அங்கே அட்டை கிழிந்த ஓர் அமெரிக்கச் சமையல் புத்தகம் ஐந்து ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணெய்க் கறை. யாரோ அதை அடிக்கடி சமைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் தலைப்பு 'தமாலே பை'.

செய்முறை எளிது. மஞ்சள் சோள ரவையை உப்புத் தண்ணீரில் களி மாதிரி கிண்டி, பாதியை எண்ணெய் தடவிய தட்டில் பரப்ப வேண்டும். அரைத்த மாட்டிறைச்சியை வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூளோடு வதக்கி அதன்மேல் கொட்ட வேண்டும். மீதிக் களியால் மூடி ஓவனில் வைத்தால் முடிந்தது. அரைக்கிலோ கறியில் ஆறு பேர் வயிறார உண்ணலாம். நான் வாங்கியது உறைந்த இந்திய எருமைக்கறி. அம்மாவிடம் சொல்லவில்லை.

"கேசரிக்கு நடுவுல கீமாவ வச்சிட்டியா மச்சான்?" என்றான் அறைத்தோழன். ஆனால் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

எனக்கு அதன் பெயர்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. தமாலே மெக்சிகோவின் உணவு. நாவாட்டில் மொழியில் அது 'தமாலி'. சோளத் தோகையில் மாவை வைத்து, உள்ளே கறியோ அவரையோ மிளகாயோ பொதிந்து, ஆவியில் வேகவைப்பது. 16ஆம் நூற்றாண்டிலேயே சஹாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியார் அஸ்டெக் சந்தைகளில் விற்ற தமாலே வகைகளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் அதை டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் தெருவில் விற்றார்கள். 1890களில் டெக்சஸில் மிளகாய்த்தூள் தொழிற்சாலையில் தயாராகிக் கடைக்கு வந்ததும், அந்தச் சுவையை எந்த ஊர் வீட்டுச் சமையலறையிலும் கொண்டுவர முடிந்தது. தோகை போனது, பொதியும் வேலை போனது. ஒரு தட்டில் அடுக்கிச் சுட்டால் போதும் என்றானது.

பிறகு போர் வந்தது. 1917இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியதும், ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் உணவு நிர்வாகம் அமைக்கப்பட்டது. ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றக் கோதுமையும் இறைச்சியும் தேவைப்பட்டன. செவ்வாயன்று இறைச்சி வேண்டாம், புதனன்று கோதுமை வேண்டாம், பதிலுக்குச் சோளம் சாப்பிடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டார்கள். கொஞ்சம் கறியையும் நிறையச் சோளத்தையும் கொண்டு குடும்பத்தின் வயிற்றை நிரப்பும் தமாலே பை அந்தக் காலத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியிலும் அடுத்த போரின் ரேஷனிலும் அது அடுப்பை விட்டு இறங்கவில்லை.

ஆனால் மெக்சிகோவிலிருந்து இந்த உணவு வந்தபோது ஒரு விஷயம் மட்டும் கூட வரவில்லை. மெக்சிகோவில் சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, தோல் கழன்றதும் கழுவி அரைப்பார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம் அது. மாவு பிசுபிசுப்பாகத் திரள்வதற்கு மட்டுமல்ல அந்தச் சுண்ணாம்பு. சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் நம் உடலால் எடுக்க முடியாதபடி பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. கொலம்பஸுக்குப் பின் சோளம் உலகெங்கும் போனது. விதையைக் கொண்டுபோனவர்கள் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள்.

நான் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். இன்னோர் ஆலையின் செய்முறையை இங்கே மாற்றிக் கொண்டுவரும்போது யாராவது ஒருவர் "இந்தக் கழுவுற ஸ்டெப் எதுக்கு? தூக்கிடலாம்" என்பார். தூக்கினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. எல்லாச் சோதனையிலும் பாஸாகும். ஆறு மாதம் கழித்துத்தான் பழுதாகித் திரும்பி வரும்.

சோளமும் அப்படித்தான் திரும்பி வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் சோளக்களியை மட்டுமே உண்ட ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு கழிந்தது, கடைசியில் புத்தி பேதலித்தது. இத்தாலியர்கள் 'பெல்லாக்ரா' என்றார்கள். சொரசொரத்த தோல் என்று பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பஞ்சாலைத் தொழிலாளர்களையும் குத்தகை விவசாயிகளையும் அது பிடித்தது. 1906க்கும் 1940க்கும் இடையில் சுமார் 30 லட்சம் பேரை அது தாக்கியதாகவும், சுமார் ஒரு லட்சம் பேர் இறந்ததாகவும் கணக்கு.

தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914இல் இதை ஆராய அனுப்பப்பட்ட மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், காப்பகங்களில் இருந்தவர்களுக்கு நோய் வருகிறது, அவர்களோடு புழங்கும் ஊழியர்களுக்கு வருவதில்லை என்பதைக் கவனித்தார். அடுத்த ஆண்டு மிசிசிப்பியில் விடுதலை வாக்குறுதியின் பேரில் முன்வந்த 11 கைதிகளுக்குச் சோளம் மிகுந்த உணவு தரப்பட்டது. 6 பேருக்கு நோய் வந்தது. பாலும் இறைச்சியும் சேர்த்தால் நோய் போகும் என்றார் அவர். காரணம் நியாசின் குறைபாடு என்பது 1937இல்தான் தெளிவானது.

இதைப் படித்த பிறகு என் தட்டில் இருந்த அந்த மெல்லிய கறி அடுக்கை வேறு மாதிரிப் பார்த்தேன். சுண்ணாம்பு செய்திருக்க வேண்டிய வேலையை அது செய்துகொண்டிருந்தது. கறி வாங்க முடிந்த வீட்டில் அது சிக்கனச் சமையல். வாங்க முடியாத வீட்டில் களி மட்டும்தான், பிறகு நோய்.

காப்பகம் என்றதும் நம் ஊர் நினைவுக்கு வந்தது. இங்கே சோளத்தின் இடத்தில் அரிசி. பெரிபெரி மலாயாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற காலம் அது. 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணுக்குச் சயாம் வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி தின்ற 120 பேரில் 43 பேருக்கு நோய் வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் இரண்டே பேர், அவர்களும் நோயோடு வந்தவர்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907இல் எழுதிய நூலில், புழுங்கல் அரிசி உண்ணும் தமிழர்களைப் பெரிபெரி பெரும்பாலும் தொடுவதில்லை என்பதைக் காட்டினார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முழுதும் போவதில்லை. கப்பலேறி வந்த நம் ஆட்களோடு அரிசி மட்டும் வரவில்லை, அதை அவித்த முறையும் வந்திருக்கிறது.

சின்ன வயதில் பாட்டி வீட்டுப் புழுங்கல் சோற்றை நான் தொடமாட்டேன். நாற்றம் என்பேன். எனக்கென்று தனியாகத் தாய்லாந்து வெள்ளை அரிசி வேகும். போன மாதம் கெடா போயிருந்தபோது, ஏன் அந்த அரிசியை விடவே இல்லை என்று கேட்டேன்.

"வேலக்காட்டுல பசி தாங்கும்டா. எங்கம்மா அப்படித்தான் பொங்குனாங்க."

அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த காரணம்.

பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு கேட்டேன். மெக்சிகோக்காரர்கள் சோளத்தில் போடுவதும் இதே பொருள்தான்.

"வெத்தல போடப் போறியா?"

"இல்ல பாட்டி, சோளத்துல போட."

பாட்டி என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு டப்பியைத் தள்ளினார். காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவிட்டு, இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் தண்ணீர் மஞ்சளாகியிருந்தது. விரலால் தேய்த்ததும் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. பாட்டி எட்டிப் பார்த்து ஒரு மணியை எடுத்து நசுக்கினார், முகர்ந்தார்.

"இன்னும் ரெண்டு தண்ணி அலசுடா. வாய் வெந்துரும்" என்றார்.