நடுகல்லில் நிலைத்த பெயர்

போரிலோ ஆநிரை காக்கும் பூசலிலோ உயிர்நீத்த வீரனுக்கு ஊரார் நட்டு வழிபட்ட நினைவுக்கல்லே நடுகல் எனப்படும். தொல்காப்பியம் இதனைத் தக்க கல்லைத் தேர்ந்து காணும் காட்சி, அதனைக் கொண்டுவரும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், படையலிட்டுச் சிறப்பிக்கும் பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக முறைப்படுத்துகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்துடைய நடுகற்களுள் ஒன்று, நிரை கவரும் பூசலாகிய ஆகோளில் இறந்தவனின் பெயரைச் சொல்வதால், இம்மரபின் தொன்மைக்கு உறுதியான சான்றாகிறது.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல் இவ்வகையில் உள்ளத்தை மிகவும் நெகிழச் செய்வது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த அது, எருமை நிரையைக் காக்கும் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் சேவகனைக் குறிப்பதோடு, கள்வர் இருவரைக் கடித்து அவனருகே காத்துநின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் பொறித்து, வீரன், நாய் இரண்டின் உருவத்தையும் ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறது. பேரரசனின் பெயர் அங்கே காலத்தைக் கணிக்க மட்டுமே பயன்பட, பொருளாக நிற்பது ஓர் எளிய வீரனின் இறப்பே என்பது கருதத்தக்கது. அரசவைப் புலவர் எவரும் பாடாத அவனை ஊரும் உளியும் காத்தன. இத்தகைய கற்கள் பல, வேடியப்பன் என்னும் பெயரில் இன்றும் அவ்வட்டாரத்தில் வழிபடப்படுகின்றன.