ரெண்டு ஷிப்ட் பார்த்த செல்

சிங்காநல்லூரில், மில் சங்கை வைத்தே நேரம் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களில் யாரையாவது பிடித்து, ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். மெஷின் முன்னால் ஆள் நிற்பார். இழை அறுந்தது கண்ணுக்குத் தெரியும். எடுத்து ஒட்டக் கைதான் போகாது!

நம் ரத்தத்திலும் அப்படி ஒரு தொழிலாளி உண்டு. டி செல். வைரஸ் புகுந்த செல்லையும் புற்றுநோய்ச் செல்லையும் அடையாளம் கண்டு கொல்கிற வெள்ளையணு. இவ்வளவு கெட்டிக்கார ஆசாமி இருந்தும் கட்டி எப்படி வளர்கிறது?

விடையின் முக்கியமான பாதி, எலி வைரஸ் ஒன்றிலிருந்து வந்தது. கண்டவர் ரஃபி அகமது. ஹைதராபாத்காரர். உஸ்மானியாவில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். கலிஃபோர்னியாவில் மைக்கேல் ஓல்ட்ஸ்டோனிடம் வேலை பார்த்தபோது 'க்ளோன் 13' என்றொரு வைரஸ் ரகத்தைப் பிரித்தெடுத்தார். 1984-ல் அது அச்சிலும் வந்தது. இதன் மூல ரகத்தை எலிக்குள் விட்டால் பத்து நாளுக்குள் டி செல்கள் துடைத்துப்போட்டுவிடும். க்ளோன் 13 மட்டும் மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தியது.

அப்போது டி செல்கள் எங்கே போயின? ஓயாமல் சண்டை போட்டுத் தீர்ந்தே போய்விட்டன என்றது 1993-ல் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த ஆய்வு. 1998-ல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ரஃபியின் குழு பார்த்தது வேறு. எல்லாம் சாகவில்லை. ஒரு பகுதி அங்கேயே நிற்கிறது. எதிரியைத் தெரிகிறது. அடிக்கத்தான் முடியவில்லை. விஞ்ஞானிகளே இதைக் களைப்பு என்றுதான் சொல்கிறார்கள்!

2006-ல் காரணமும் பிடிபட்டது. களைத்த செல்களின் மேல் பி.டி-1 என்ற புரதம் மண்டிக் கிடந்தது. 1992-ல் ஜப்பானில், ஹோஞ்சோவின் ஆய்வகம் கண்டுபிடித்த சமாச்சாரம் அது. டி செல் வேலை தொடங்க உள்ளே ஒரு சிக்னல் ஓடவேண்டும். பி.டி-1 அதை நடுவழியில் அணைக்கிற பிரேக். பிரேக்கே இல்லாவிட்டால் சொந்த உடம்பையே அடிக்கும் என்பதால் இயற்கை வைத்தது. ரஃபி குழு பிரேக்கை மறித்ததும் எலியில் வைரஸ் இறங்கியது.

கட்டிக்குள்ளும் இதே கதைதான். பிரேக்கை மறிக்கும் மருந்துகள் 2014-ல் கடைக்கு வந்தன. 2018 நோபல், ஹோஞ்சோவுக்கும் இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த ஆலிசனுக்கும் போனது. நியாயம்தான். எலிக்கு நோபல் கமிட்டி இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

2016-ல் ரஃபி குழு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. முழுக்கக் களைத்த செல் மருந்தால் எழுந்து வருவதில்லையாம். ஓரமாக ஒதுங்கியிருக்கும் கொஞ்சம் செல்கள்தான் பெருகிப் புதுப்படையாகின்றன. நம்மூர்க்காரர்கள் எடுத்துவைக்கிற விதைச்சோளம் மாதிரி. அது இல்லாத நோயாளிக்கு மருந்து பலிப்பது கஷ்டம்.

பலித்தாலும் விலை? லட்சக்கணக்கில் போகும். மில் சம்பளத்தில் நினைத்துப் பார்க்க முடியாது. மும்பை டாடா மெமோரியல் டாக்டர்கள் இதைத்தான் கையில் எடுத்தார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்கள் 151 பேர். நிவோலுமாப் வழக்கமாக ரெண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். இவர்கள் கொடுத்தது மூணு வாரத்துக்கு வெறும் 20. 2023-ல் அச்சான கணக்கு இது: ஒரு வருஷம் தாண்டியவர்கள், மலிவு மாத்திரைகள் மட்டும் சாப்பிட்டதில் நூற்றுக்கு 16 பேர். அதோடு அந்த 20 மில்லிகிராமும் ஏறியதில் 43.